லண்டன் ஆமிக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ்

மட்டக்களப்பு நகரில், நீதிமன்றத்துக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், என் பெயர் பொறித்த முத்திரை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. பிறப்பு, இறப்பு, விவாகம், காணி உறுதி என்று நாள் முழுக்க மற்றவர்களின் பத்திரங்களோடுதான் என் சீவியம்.

போன மாதம் ஒரு நாள், அறையைப் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தம்பியின் மகன் வந்து நின்றான். 21 வயது. உயர்தரம் முடித்துவிட்டு செங்கலடியில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறான். கையில் ஒரு பிளாஸ்டிக் பைல்.

"மாமி, இத இங்கிலீசில மாத்தித் தாங்க. நாளைக்கே வேணும்."

"எதுக்கு மனே?"

"லண்டன் ஆமிக்கு."

பூட்டிய கதவைத் திரும்பத் திறந்து அவனை உட்காரச் சொன்னேன்.

அவனுக்கு ஒரு ஏஜெண்ட் அறிமுகமாகியிருக்கிறார். இலங்கை கொமன்வெல்த் நாடு என்பதால் இங்குள்ள பிள்ளைகளைப் பிரித்தானிய ராணுவம் எடுக்கிறது, அதற்கு ஒரு 'கோட்டா' இருக்கிறது, அதில் இடம் பிடித்துத் தர 18 லட்சம், முதலில் 5 லட்சம் கட்டினால் போதும் என்று சொல்லியிருக்கிறார். லண்டன் சரிவராவிட்டால் ரஷ்யா இருக்கிறதாம். முகாமுக்குள் சமையல் உதவியாளர் வேலை, துப்பாக்கி தொடத் தேவையில்லை, ஒரு வருடத்தில் அந்த நாட்டுப் பாஸ்போட். இந்த 5 லட்சத்துக்காகத் தம்பி தன் ஒன்றரை ஏக்கர் வயலை ஈடு வைக்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

படை என்ற சொல் எங்கள் வீடுகளில் இலேசாக எடுக்கிற சொல் இல்லை. மட்டக்களப்பு வாவியின் இரண்டு பக்கத்திலும், படுவான்கரையிலும் எழுவான்கரையிலும், என் வயதுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பிரசாவுரிமையும் கேட்காமல், வயதும் கேட்காமல், வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று புலிகள் இயக்கம் கொண்டுபோன காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். தம்பியின் மனைவிக்கு அந்தக் காலத்தில் 15 வயது. பல இரவுகள் அவளைக் கோயில் களஞ்சிய அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். அவள் பெற்ற பிள்ளை இன்று தானாகவே ஒரு படையில் சேரப் போகிறேன் என்கிறான். கோபப்படவா, அழவா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் பக்கத்து நியாயமும் எனக்கு விளங்கியது. கடையில் அவனுக்கு நாள் கூலி. கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் கட்டாரிலும் டுபாயிலும் இருக்கிறார்கள்.

"ஒரு கிழமை தா. சட்டம் என்ன சொல்லுதெண்டு நான் வாசிச்சுப் பாக்கிறன். அதுவரைக்கும் அப்பாட்டச் சொல்லு, ஒரு சதமும் குடுக்க வேணாம் எண்டு" என்று சொல்லி அனுப்பினேன்.

வாசித்தேன். இதை எழுதுவதே அதனால்தான். இந்தப் பக்கம் எத்தனை வீட்டில் இதே பேச்சு நடக்கிறதோ தெரியாது.

ஏஜெண்ட் சொன்னதில் ஒரு பாதி உண்மை, ஆபத்தும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. பிரித்தானியப் படைகளில் சேரப் பிரித்தானியக் குடியுரிமைதான் வேண்டும் என்று இல்லை. பிரித்தானியர், அயர்லாந்துக்காரர், கொமன்வெல்த் நாடுகளின் பிரசைகள் மூவரும் விண்ணப்பிக்கலாம். நேபாளக் கூர்க்காக்களுக்குத் தனி ஆட்சேர்ப்பு உண்டு. முன்பு கொமன்வெல்த் நாட்டவர் என்றால் ஐந்து வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. படைக்கு ஆள் குறைந்ததால் 2018 நவம்பரில் அதை எடுத்துவிட்டு, மூன்று படைகளுக்கும் சேர்த்து வருடத்துக்கு 1,350 பேர் வரை எடுக்கலாம் என்று அறிவித்தார்கள். ஏஜெண்ட் 'கோட்டா' என்று சொன்னது இதைத்தான். ஆனால் அந்த 1,350 கொமன்வெல்த் முழுவதற்கும் பொதுவானது. பிஜி, கானா, கென்யா என்று எல்லா நாட்டுப் பிள்ளைகளும் அதற்குள்தான் போட்டி போட வேண்டும். அதில் ஓர் இடத்தை எந்த ஏஜெண்டாலும் பிடித்து வைக்க முடியாது. விண்ணப்பம் ஒன்லைனில், சொந்தப் பெயரில், 18 வயது நிறைந்த பிறகு. அதற்குக் கட்டணமும் கிடையாது. 5 லட்சம் எதற்கு?

இன்னொன்றையும் அவனிடம் சொன்னேன், அதைக் கேட்டு முகம் வாடிவிட்டான். சேர்ந்த கையோடு பிரித்தானியக் குடியுரிமை கிடைத்துவிடாது. சீருடையில் இருக்கும்வரை குடிவரவுச் சட்டம் அவர்களைத் தடுக்காது, அவ்வளவுதான். சேவையை விட்டு வெளியே வரும்போது நிரந்தரமாகத் தங்குவதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் குறைந்தது நான்கு வருடச் சேவை காட்ட வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கே ஒரு காலத்தில் தலைக்கு 2,389 பவுண் கட்டினார்கள். ஆப்கானிஸ்தான் வரை போய்ச் சண்டை பிடித்துவிட்டு, பணம் கட்ட வழியில்லாமலும் விதி தெரியாமலும் விசா இல்லாதவர்களாக நின்ற கொமன்வெல்த் வீரர்களின் கதைகளை வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. பிஜியில் பிறந்து பிரித்தானியப் படையில் இருந்த எட்டுப் பேர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். பிறகு 2022 ஏப்ரலிலிருந்து, ஆறு வருடம் சேவை செய்தவர்களுக்கும், சேவையில் காயப்பட்டோ நோய்ப்பட்டோ வெளியேறியவர்களுக்கும் அந்தக் கட்டணத்தை நீக்கினார்கள். மனைவி பிள்ளைகளுக்கு அப்போது அந்தச் சலுகையைக் கொடுக்கவில்லை.

கல்லடிக் கடலில் கிடக்கிற ஹேர்மீஸ் கப்பல் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். முந்நூறுக்கு மேற்பட்டோர் அன்று செத்தார்கள். மருமகன் சின்ன வயதில் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பான். சுழியோடப் போகிற வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிப்போகும் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார், அவரிடம் கதை கேட்பதற்கென்றே வருவான். ஒருவேளை இந்த ஆசையின் வேர் அங்கேயும் இருக்கலாம்.

ரஷ்யாவைப் பற்றி நான் அவனிடம் சுற்றி வளைத்துப் பேசவில்லை. அந்த நாட்டுப் படையோடு ஒரு வருட ஒப்பந்தம் செய்யும் வெளிநாட்டவருக்கும் குடும்பத்துக்கும் விரைவாகக் குடியுரிமை கொடுக்கலாம் என்று 2024 ஜனவரியில் ஜனாதிபதி புட்டின் ஆணை போட்டார். அது உண்மை. ஆனால் இதையும் கேள் என்றேன். 2025 பெப்ரவரியில் எங்கள் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னார். ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்ட இலங்கையர் 554 பேர், இறந்ததாக உறுதியானவர்கள் 59 பேர். அவர்களில் பலர் இங்கே ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்கள், ஆயுதப் பயிற்சி உள்ளவர்கள். அவர்களையும் கூலிவேலை, உதவியாளர் வேலை என்று சொல்லித்தான் கொண்டுபோனார்கள். ஐரோப்பாவுக்கு என்று புறப்பட்ட வடக்குப் பிள்ளைகள் சிலர் வழியில் அங்கே மாட்டிக்கொண்ட செய்தியும் பத்திரிகையில் வந்தது. விளங்காத மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவனை எந்தத் தூதரகத்தால் இலேசாக மீட்க முடியும்? மொழிபெயர்ப்பாளராக இருந்து சொல்கிறேன், வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையெழுத்துப் போடாதே என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என் குரல் உடைந்துவிட்டது. அவனும் பேசாமல் இருந்தான்.

அதற்குப் பிறகுதான் அவன் கொண்டுவந்த பைலைத் திறந்தேன்.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தாய் தகப்பன் பெயருக்கும் இனத்துக்கும் கீழே ஒரு கட்டம் இருக்கும்: பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவரது முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். அதற்கடுத்து, தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் பிறந்திருந்தால் அவருடைய விவரம். பிறந்த குழந்தையின் கடதாசியில் பூட்டனுக்கு என்ன வேலை என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் கேட்ட கேள்விதான் அது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நவம்பர் 15க்கு முன் இங்கே பிறந்த ஒருவர் பரம்பரையால் பிரசை ஆக வேண்டுமென்றால், அவருடைய தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த மனிதர் அதை எந்தக் கடதாசியைக் காட்டி நிரூபிப்பது? மலையகத்தில் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த ஏழு லட்சம் பேர் வரை ஒரு சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள்.

என் அப்பா அவர்களில் ஒருவர்.

1939இல் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். ஒன்பது வயதில் எந்த நாட்டுப் பிரசையும் இல்லாதவர் ஆனார், அது அவருக்கே தெரியாது. தெரியவந்தது 19 வயதில். தோட்டத்துக்குக் கிட்ட இருந்த ஒரு ராணுவ முகாமில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கிராமத்துச் சிங்களக் கூட்டாளி ஒருவரோடு விடிய நாலு மணிக்கு நடக்கத் தொடங்கியிருக்கிறார். உயரம் அளந்தார்கள், நெஞ்சு அளந்தார்கள், ஓட விட்டார்கள். அப்பா முதலாவதாக ஓடி வந்தாராம். பிறகு மேசையில் இருந்தவர் கடதாசி கேட்டிருக்கிறார். "பிரசையா?" அப்பாவுக்கு அந்தச் சொல்லே விளங்கவில்லை. கூட்டாளியை உள்ளே எடுத்தார்கள். அப்பா தனியாகத் தோட்டத்துக்குத் திரும்பி நடந்தார்.

இந்தக் கதையைக் கோபமில்லாமல்தான் சொல்வார். "நான் ஓடினதில பிழையில்ல புள்ள, கடதாசியிலதான் பிழை" என்பார். சாகும்வரை காலையில் எழுந்து நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர்.

பிறகு செங்கலடிப் பக்கம் ஒரு நெல் ஆலைக்கு வேலைக்கு வந்து அம்மாவைக் கட்டினார். அம்மா மண்டூர்க்காரி. அவருடைய ஆட்கள் எத்தனை தலைமுறையாக இந்த வாவிக்கரையில் இருக்கிறார்களோ, கணக்கில்லை. ஆனால் அப்போதைய சட்டத்தில் பிரசாவுரிமை தகப்பன் வழியாக மட்டும்தான் வரும். தாய் வழியாகவும் வரலாம் என்று மாற்றியது 2003இல்தான். அதனால் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பிறந்த நானும் தம்பியும் அம்மாவின் மண்ணிலேயே நாடற்ற பிள்ளைகள். எண்பதுகளில், சாவடிக்குச் சாவடி பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்ட நாட்களில், அட்டை இல்லாத மனிதரோடு பயணம் போவது எப்படி இருந்தது என்பதை இப்போது எழுதினால் இந்தப் பதிவு முடியாது.

1988ஆம் ஆண்டின் சட்டம் வந்த பிறகு, சத்தியக் கடதாசி முடித்து அப்பா பிரசை ஆனார். அந்தப் பத்திரத்தை அவர் மடிக்கவே இல்லை. இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் வைத்துச் சுவரில் மாட்டினார். எனக்கு அப்போது பதினெட்டு வயது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுநர் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பியபோது 'பரம்பரையாலா, பதிவாலா' என்று கேட்ட கட்டத்துக்கு முன்னால் நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

இந்தக் கதையை மருமகனுக்குச் சொன்னேன். அவனுக்குத் தெரியாது. தம்பி சொல்லவே இல்லையாம். இப்போது பிரித்தானிய ராணுவத்துக்கு நீ விண்ணப்பிக்க முடிவதற்குக் காரணமே நீ இலங்கைப் பிரசை என்பதுதான், இலங்கைப் பிரசை என்பதால்தான் நீ கொமன்வெல்த் பிரசை, அது உனக்கு எப்படி வந்தது என்று பார் என்றேன்.

எங்கள் குடும்பமே இதற்கு ஒரு சாட்சி. அப்பாவின் அண்ணா, என் பெரியப்பா, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர். 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, மூன்று லட்சம் பேரை இலங்கை எடுப்பது என்று இரண்டு நாடும் ஆட்களைப் பங்கு போட்ட ஒப்பந்தம் அது. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி, நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பப் போனார். அவருடைய மகன், எனக்கு அண்ணா முறை, வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். இந்தியப் படை அதிகாரித் தேர்வுகளின் அறிவிப்பில் இன்னொரு வாசகமும் உண்டு. இந்தியப் பிரசைகள், நேபாளத்தவர் என்பதோடு, பர்மா, இலங்கை முதலான நாடுகளிலிருந்து நிரந்தரமாகக் குடியேற வந்த இந்திய வம்சாவளியினரும் தகுதிச் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறது. அண்ணாவுக்கு அது தேவைப்படவில்லை, பெரியப்பா குடும்பம் இந்தியப் பாஸ்போட்டோடுதான் போனது. 1987இல் இந்தியப் படை மட்டக்களப்புக்கு வந்தபோது, ரோந்து போகிற ஒவ்வொரு முகத்தையும் அம்மா வேலிக்குள் நின்று பார்ப்பார், அவராக இருக்குமோ என்று. அவர் வரவில்லை. அந்த நேரம் காஷ்மீரில் இருந்திருக்கிறார்.

என் அக்கா சுவிஸில். இங்கே எல்லாப் படைக்கும் பயந்து 1990இல் ஓடிப்போன அத்தானுக்கு அங்கே ஒரு மகன் பிறந்தான். குடும்பமாகக் குடியுரிமை எடுத்தார்கள். 18 வயதில் பிள்ளைக்கு ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது. சுவிஸில் ஆண் பிரசைகள் எல்லோருக்கும் சேவைக் கடமை உண்டு. குடியுரிமை இல்லாதவனைக் கூப்பிட மாட்டார்கள், சேரவும் விடமாட்டார்கள். சீருடை வேண்டாம் என்பவர்கள் ஒன்றரை மடங்கு காலம் பொதுச் சேவை செய்யலாம். எதுவும் செய்யாவிட்டால் வருமானத்தில் 3 வீதம் வரி. அக்கா போனில் அழுத அழுகை இன்னும் காதுக்குள் இருக்கிறது. பிள்ளை மட்டும், "இது என்ர நாடு சின்னம்மா, எல்லாரும் போறாங்க, நானும் போறன்" என்றான். 18 கிழமைப் பயிற்சி முடித்து, சீருடையோடு அக்காவின் வீட்டுச் சாமியறையில் நின்று எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது அப்பா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இவன்ட்ட 'பிரசையா' எண்டு கேட்டிருப்பாங்க, என்ன?" என்று மட்டும் கேட்டார்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவனும் எல்லாவற்றையும் கேட்டான். கனடா 2022 நவம்பரிலிருந்து நிரந்தர வதிவிடம் உள்ளவர்களையும் விண்ணப்பிக்க விடுகிறது. அமெரிக்காவில் கிறீன் காட் இருந்தால் சாதாரண வீரராகச் சேரலாம், அதிகாரியாக வேண்டுமென்றால் குடியுரிமை வேண்டும். ஒரு காலத்தில் குறிப்பிட்ட மொழிகள் தெரிந்தால் கிறீன் காட் இல்லாதவர்களையும் எடுத்தார்கள், அந்த மொழிப் பட்டியலில் தமிழும் சிங்களமும் இருந்தன. 2016இல் அதை நிறுத்திவிட்டார்கள். அவுஸ்திரேலியா இப்போது, அங்கே நிரந்தர வதிவிடம் உள்ள நியூசிலாந்து, பிரித்தானியா, அமெரிக்கா, கனடா நாட்டுப் பிரசைகளுக்குக் கதவு திறந்திருக்கிறது. எங்களுக்கு இல்லை. எந்த நாட்டவரையும் எடுப்பது பிரான்ஸின் அந்நியர் படை, 1831இலிருந்து. பதினேழரை வயதிலிருந்து முப்பத்தொன்பதரை வரை, முதல் ஒப்பந்தம் ஐந்து வருடம், மூன்று வருடத்துக்குப் பிறகு குடியுரிமை கேட்கலாம். போரில் காயப்பட்டால் 'சிந்திய இரத்தத்தால் பிரெஞ்சுக்காரர்' என்று குடியுரிமை கொடுக்க 1999இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் விசா தருவதில்லை. பிரான்ஸுக்கு நீயாகப் போய் அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். அந்தப் படைக்கு விசா எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு மனிதனின் உயிரைக் கேட்கிற நாடு அவனுக்கு முதலில் ஒரு கடதாசி கொடுக்க வேண்டும் என்றுதான் என் மனம் சொல்கிறது. சேவை செய், காயப்படு, பிறகு யோசிக்கிறேன் என்பது எனக்கு ஏற்கவில்லை. மருமகன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "உழைச்சு எடுக்கிறதுதானே மாமி மரியாதை" என்றான். அவனுடைய வயதில் அப்பாவும் அதையே சொல்லியிருப்பார்.

தம்பி வயலை ஈடு வைக்கவில்லை. ஏஜெண்டின் தொலைபேசி இலக்கத்தை என் முன்னாலேயே அழித்தான். மருமகன் சேரும் ஆசையை விடவில்லை. என் கணினியில் அவனே உட்கார்ந்து, பிரித்தானிய ராணுவத்தின் தளத்திலேயே தன் பெயரில் விண்ணப்பத்தைத் தொடங்கினான். ஆங்கிலம் போதாது என்று அவனுக்கே தெரிந்தது. இப்போது கிழமையில் மூன்று நாள் கடை விட்டு நேரே என்னிடம் வருகிறான், ஒரு மணித்தியாலம் வாசிக்கிறோம். விடியக்காலையில் கல்லடிக் கடற்கரையில் ஓடுகிறான்.

பிறப்புச் சான்றிதழை நேற்று மொழிபெயர்த்தேன். பாட்டனார் கட்டத்தில் பதிவாளர் அப்பாவின் பெயரை ஓர் எழுத்து விட்டு எழுதியிருக்கிறார். தகப்பனின் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கிறது. மூலத்தில் உள்ளபடிதான் நான் எழுத முடியும், திருத்த எனக்கு உரிமை இல்லை. சரியான எழுத்து எது என்று பார்க்கத் தம்பி வீட்டுச் சுவரிலிருந்து அந்தக் கண்ணாடித் தகட்டை இறக்கி, துணியில் சுற்றிக் கொண்டுவரச் சொன்னேன். மருமகன் அதை மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு, கூட்டாளியை ஓட்டச் சொல்லி, மெதுவாக வந்து சேர்ந்தான். பிரதேச செயலகத்தில் எழுத்துப் பிழை திருத்த விண்ணப்பம் கொடுக்கத் திங்கட்கிழமை போகிறோம்.